சுபத்ரா மிஸ்ஸின் முகம்

இந்த முகம்தான். மூன்று வருஷமாகக் குளிக்கும்போதும் தோசை வார்க்கும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் நான் பேசிப் பேசி அழவைத்த முகம், இப்போது கண்ணை மூடிக்கொண்டு என் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறது. முடியில் கிரீம் படாமல் தலையைச் சுற்றிப் பட்டை கட்டியிருக்கிறேன். கழுத்தடியில் ரோஸ் நிறத் துண்டு. உள்ளே வந்தபோதே தெரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். செருப்பைக் கழற்றியபோது தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயமுங்க, வழக்கமா போற பார்லர்ல எடமே இல்லைங்கறாங்க, ஒரு பேசியல் மட்டும் பண்ணி வுடுங்க" என்று சொன்னபோதும் தெரியவில்லை. உடம்பு பெருத்திருந்தது, தலையில் சாயம், கண்ணாடியும் புதுசு. படுத்த பிறகு "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்களேன், ம்ம்?" என்றாள். அந்த "ம்ம்?" வயிற்றில் வந்து விழுந்தது. வயிறு கண்டுபிடித்து வெகுநேரம் கழித்துத்தான் தலை கண்டுபிடித்தது. பல்லடத்தில் இத்தனை பார்லர் இருக்க, வீட்டு முன்னறையில் தடுப்பு போட்டு நான் நடத்துகிற இந்த ஒற்றைக் கட்டில் கடைக்குத்தானா இவள் வரவேண்டும்? "உங்க பேரென்னங்க?" என்று கேட்டாள். "நாகமணிங்க மேடம்" என்றேன். "ம்ம்" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு நான் எப்போது நாகமணியாக இருந்தேன்? மிதுனா மதர். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மிதுனா மதர். மணி அடித்ததும் அவள் தாண்டிப் போகிற ஒரு தூண்.

நான் க்ளென்சிங் மில்க்கை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்குகிறேன். யாருக்காகச் சூடாக்குகிறேன்? சில்லென்று வைத்தால் என்ன, துள்ளட்டுமே. ஆனாலும் கை தன் பாட்டுக்குத் தேய்க்கிறது. தாடையிலிருந்து மேலே, மேலே, கன்னத்தில் வட்டம், மூக்கின் இரு பக்கமும் கட்டைவிரலால் ஒரு அழுத்து. என் கைக்கு இவள் யாரென்று தெரியாது, கைக்கு எல்லாரும் தோல்தான். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. என் கையே எனக்குத் துரோகம் செய்கிறது. காதோரம் வருகிறேன். இந்தக் காதுகள். சின்னக் காதுகள், மடலில் வெள்ளைக்கல் தோடு, பின்பக்கம் மடிப்பில் பவுடர் அப்பியிருக்கிறது. இந்தக் காதுகளுக்கு எல்லாமே கேட்டது. அறுபது பிள்ளைகள் சேர்ந்து கத்தினதும் கேட்டது. ஒவ்வொரு நாளும் டிக்டேஷன் நோட்டைத் திருத்தி முடித்ததும் மிதுனாவை எழுந்து நிற்கச் சொல்வாள். பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துக் கையை ஆட்டுவாள், பாட்டு வாத்தியார் மாதிரி. அறுபது வாயும் சேர்ந்து "மிதுனா, காது இருக்கா?" என்று கேட்கும். என் மகள் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு "இருக்கு மிஸ்" என்று சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லவில்லையென்றால் மறுபடியும். எட்டு வயசு. பீரோ கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்று காதைப் பிடித்துக்கொண்டு "இருக்கு மிஸ், இருக்கு மிஸ்" என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்த அன்றுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. எதற்கு சாமி என்று கேட்டதற்கு, "ஒரே தடவைல சத்தமாச் சொல்லிட்டா சீக்கிரம் உக்காந்துக்கலாம்மா" என்றாள். அழவில்லை. பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அழுத்தம் குடுக்கறீங்க. தூக்கமே வருது" என்கிறாள் சுபத்ரா மிஸ். தூங்கு. எனக்கு எத்தனை ராத்திரி தூக்கம் போயிற்று தெரியுமா உனக்கு? காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு "காது கண்ணாடியாட்ட சுத்தமா இருக்குதும்மா, ஒண்ணுமே இல்ல, புள்ளைக்கு கவனம் பத்தல" என்றார். அப்புறம் கோயமுத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மேடத்தைப் பார்த்தோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, ஒரு பக்கம் இரைச்சலும் ஒரு பக்கம் வார்த்தையுமாகப் போட்டுப் பார்த்தார்கள். இரைச்சல் இல்லாதபோது எல்லாம் சரி. இரைச்சல் வந்ததும் ஒன்றும் இல்லை. "சத்தம் காதுக்குள்ள போயிருது, உள்ள போனதப் பிரிச்சு அடுக்கறதுலதான் சிக்கல். ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கற சத்தம், டீச்சர் கொரலு எல்லாமே அவளுக்கு ஒரே எடைல வருது. படிக்கறதும் எழுதறதும் அதனாலதான் தட்டுது. புத்தில ஒரு குறையும் இல்ல" என்றார்கள். திரும்பி வரும் வழியில் மிதுனாவே அதை எனக்கு இன்னும் நன்றாகச் சொன்னாள். "மிஸ் பேசறது வருதும்மா. ஒடஞ்சு ஒடஞ்சு வருது." அன்றைக்கு எனக்கு வந்த பயம் வேறு. தறி. கல்யாணமாகி வந்ததிலிருந்து தறிக்குடோனை ஒட்டிய வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி, இரவும் பகலும் சடக்கு சடக்கு என்று, நான் மாசமாக இருந்ததும் பேறாகிக் கிடந்ததும் அந்தச் சுவரோரம்தான். வயிற்றுக்குள்ளேயே உடைந்துபோனதோ? அந்த மேடம் அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். மாமியார், "அதே சத்தத்துலதான் எம் பையன் பொறந்து வளந்தான், அவனுக்கென்ன காது போச்சாட்டவா இருக்குது?" என்றார். இருந்தும் நான் ஒற்றைக் காலில் நின்று வீடு மாற்றினேன். தறி கேட்காத இந்தத் தெருவுக்கு. இன்னமும் சில நேரம் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சத்தம் எங்கிருந்து உள்ளே போயிருக்கும் என்று. இந்தப் பயத்தோடுதான் நான் இவள் வகுப்பு வாசலில் போய் நின்றேன். முன் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும் மிஸ், கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினால் போதும் மிஸ். "எல்லாரும் முன் பெஞ்சே கேட்டா பின்னாடி யாருங்க உக்காருவா? ம்ம்?" மறுநாள் மிதுனாவைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் மாற்றியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்.

ஸ்டீமரை இழுத்து முகத்துக்கு நேராக வைக்கிறேன். ஆவி குபுகுபுவென்று வருகிறது. எவ்வளவு தூரத்தில் வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளுகிறேன். இன்னும் கொஞ்சம். கன்னம் சிவக்கிறது. "சூடு ஜாஸ்தியா இருக்குதுங்களே" என்கிறாள். "அப்படிங்களா மேடம்?" என்று குரலில் சர்க்கரை போட்டுக் கேட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே நகர்த்துகிறேன். இவ்வளவுதானா உன்னால் முடிந்தது நாகமணி? மூன்று வருஷமாக என்னென்ன செய்தாய் மனசுக்குள். பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினாய். சந்தையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளைச் சுற்றிக் கூட்டம் கூட்டினாய். இவள் மகளுக்கே ஒரு பிள்ளை பிறந்து, அதற்கும் இப்படி வந்து, இவள் ஒரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும் என்றுகூட நினைத்தாய். நினைத்ததும் நீயே பதறிப்போய், பிறக்காத பிள்ளை மேல் எதற்கு என்று, மாரியம்மனிடம் அதை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டாய். மற்றதையெல்லாம் எடுக்கவில்லை. அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

ஆவிக்குள்ளிருந்து அவளே பேச்செடுக்கிறாள். "உங்களுக்குக் கொழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணுங்க. ஆறாவது."

"நான் டீச்சருங்க. இருபத்திரண்டு வருச சர்வீஸ். அடுத்த வருசத்தோட போதும்னு இருக்கறேன், முடியலீங்க இந்தக் காலத்துப் புள்ளைங்களோட." சிரிக்கிறாள், வயிறு துண்டுக்கடியில் குலுங்குகிறது. "மூணாவதுல ஒரு பாப்பா இருந்துச்சுங்க, மீனாவோ என்னமோ பேரு. டிக்டேஷன் போட்டா அவ ஒரு தனி மொழி எழுதுவா. 'மாடு மேயுது'ன்னு நான் சொல்றேன், அவ 'மாமா மேயுது'ன்னு எழுதி வெச்சிருக்கறா. ஸ்டாஃப் ரூம்ல அந்த நோட்டக் காட்டிக் காட்டி, அய்யோ, நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

என் கை நின்றுவிடுகிறது. அவள் நெற்றியின் மேலேயே நின்றுவிடுகிறது. மாமா மேயுது. ஒரு சாயங்காலம் மிதுனா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "மாமா எதுக்கும்மா மேயறாங்க?" என்று கேட்டாள். எந்த மாமா சாமி, என் அண்ணனா, அவன் எங்கே மேய்கிறான் என்று நான் கேட்டேன். யோசித்துக்கொண்டே போய்விட்டாள். எங்கிருந்து வந்தது அந்தக் கேள்வி என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. இப்போது தெரிகிறது. அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. மாமா மேய்வது தப்பு என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்தும், மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறாள். நம்பியிருக்கிறாள் இவளை. வீட்டுக்கு வந்து காரணம் தேடியிருக்கிறாள். இவர்கள் அந்த நோட்டை டிபன் பாக்ஸுக்கு நடுவே வைத்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எனக்கு வேண்டும். அதே கண்ணிலிருந்து எனக்கு வேண்டும்.

"புருவமும் எடுத்து வுட்டுருங்க, சொல்ல மறந்துட்டேன்" என்கிறாள்.

ஆவி பிடித்த தோலில் நூல் போடக் கூடாது. முதலிலேயே எடுத்திருக்க வேண்டும், இப்போது எடுத்தால் தோல் இளகியிருக்கும், எரியும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன், நாளைக்கு வாங்க என்று அனுப்பியிருப்பேன். "சரிங்க மேடம். தோலை இழுத்துப் புடிச்சுக்கங்க" என்கிறேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். கடித்திருக்கும்போது பேச முடியாது, அதுவும் நல்லதுதான், இப்போது வாயைத் திறந்தால் என்ன வருமோ. முறுக்கு இறங்குகிறது. சர்ரென்று ஒரு வரிசை. அவள் "ஸ்ஸ்" என்கிறாள். இன்னொரு வரிசை. கால் விரல்கள் மடங்குகின்றன. வேகத்தைக் குறைக்கவில்லை நான். இமையோரம் சிவந்து, பிறகு அந்தத் தண்ணீர் வருகிறது. வலது கண்ணிலிருந்து ஒரு கோடு, காதை நோக்கி. இடது கண்ணிலிருந்து இன்னொன்று. வந்துவிட்டது. நான் கேட்டது வந்துவிட்டது. குனிந்து பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. நூல் போட்டால் எல்லாருக்கும் வருகிற தண்ணீர். நேற்று வந்த காலேஜ் பெண்ணுக்கும் வந்தது, கறிக்கடைக்காரர் சம்சாரத்துக்கும் வரும். இதில் மிதுனா இல்லை. இதில் ஒரு துளிகூட என் மகளுக்காக இல்லை. பஞ்சால் துடைக்கிறேன், துடைத்த பஞ்சைக் கூடையில் எறிகிறேன். இரண்டு புருவமும் ஒரே அளவாக, வில் போல, அழகாக வந்திருக்கின்றன. என்னால் இதைக்கூடக் கெடுக்க முடியவில்லை.

முல்தானி மட்டியைக் குழைக்கிறேன். கழுத்திலிருந்து ஆரம்பித்து மேலே பூசிக்கொண்டு போகிறேன். முகம் மறைய மறைய எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. கண்ணின் மேல் பன்னீரில் நனைத்த பஞ்சு. "காயற வரைக்கும் பேசாதீங்க மேடம், வெடிச்சுப் போயிரும்" என்கிறேன். தலையை ஆட்டுகிறாள். சாம்பல் நிறத்தில், கண் இல்லாமல், ஒரு களிமண் பொம்மை. சொல்லிவிடலாமா இப்போது? பதில் சொல்ல முடியாது அவளால், இதுதான் நேரம். எத்தனை தடவை ஒத்திகை பார்த்தது. முதல் வாக்கியம் என்ன? "உங்களுக்கு ஞாபகம் இருக்குதாங்க" என்று ஆரம்பிக்கும். வேண்டாம், அது கெஞ்சுவது போல இருக்கிறது. "ஏனுங்க மிஸ்" என்று? மிஸ் என்ற வார்த்தையே வேண்டாம். வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன, எதுவும் முழுசாக வாய்க்கு வரவில்லை. கிண்ணத்தில் மண் இறுகிக்கொண்டிருக்கிறது. கை முழுக்க மண்.

வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம்.

நான் மணியைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்காமல் போனேன்? மிதுனா வரும் நேரம். இந்தக் கட்டிலில் இந்த உடம்பு கிடக்கும்போது அவள் உள்ளே வரக் கூடாது. தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ரெட்டைச் சடை, ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது, முதுகில் பை. வந்ததும் எப்போதும் செய்வதைச் செய்தாள். சுவரில் கையை வைத்து ஃபேனை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் பேசுவதென்றால் முதலில் ஃபேன் நிற்க வேண்டும். அறை அடங்கியது.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. சுபத்ரா மிஸ்ஸின் போன், கண்ணாடி அலமாரியில், மிதுனா கைக்கு எட்டுகிற இடத்தில்.

"நாகமணி, என் போனுங்க" என்றாள், உதட்டை அசைக்காமல். "சம்பந்தி வீட்டுலிருந்தா இருக்கும்." பிறகு காலடிச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். "பாப்பாவா? கண்ணு, அந்தப் போன எடுத்து எங்கையில குடு, ம்ம்?"

மிதுனாவின் கை போனை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. கட்டிலைப் பார்த்தாள். களிமண் முகத்தை, பஞ்சு வைத்த கண்களை, வயிற்றின் மேல் கோத்த கைகளை. பார்த்துக்கொண்டே கையை மெதுவாக இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். என் வயிறு கண்டுபிடித்த மாதிரியே அவளுடையதும் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் நகரவில்லை.

"கண்ணு, போனு."

அடித்து முடித்துவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"பாப்பா, உன்னத்தான் சொல்றேன். ஏம் பாப்பா, கேக்கறதில்லையா உனக்கு?"

"கேக்குது மிஸ்" என்றாள் மிதுனா. "நல்லாவே கேக்குது."

போன் அடித்து ஓய்ந்தது. கட்டிலில் கோத்திருந்த கைகள் பிரிந்தன. ஒரு கை மேலே வந்து கண்ணிலிருந்த பஞ்சை எடுத்தது. அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், மிதுனாவைப் பார்த்தாள், மறுபடி என்னை. எழுந்து உட்கார்ந்தபோது வாயோரம் மண் வெடித்தது.

"மிதுனா" என்றாள்.

"மீனாவோ என்னமோன்னீங்க" என்றேன் நான். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "பேரு நல்லா ஞாபகம் இருக்குதுங்களே."

"அய்யோ மிதுனா மதருங்களா நீங்க, சொல்லவே இல்லையே, முதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க, அது வந்து அந்த வருசம் கிளாஸ்ல அறுபது பேருங்க, நானும் மனுசிதானுங்க, அதெல்லாம் சும்மா வெளையாட்டுக்கு, புள்ளைங்களக் கொஞ்சம் உசுப்பி விடறதுக்கு, மனசுல வெச்செல்லாம் இல்லீங்க." என்னைப் பார்த்து, மூச்சு விடாமல், ஒவ்வொரு வார்த்தைக்கும் மண் துண்டுகள் மடியில் உதிர உதிரப் பேசினாள்.

மிதுனா ஒரு அடி முன்னால் வந்தாள். "மிஸ், எனக்குப் புரியல. என்னப் பாத்து, மெதுவாச் சொல்லுங்க."

கோயமுத்தூர் மேடம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. யாரிடமும் கூச்சப்படாமல் கேட்கவேண்டும் என்று பழக்கியது. கடைக்காரரிடம் கேட்பாள், கண்டக்டரிடம் கேட்பாள். அதே குரலில்தான் கேட்டாள். அதே குரலா? எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் நான் எதையோ தேடினேன், என்னுடையது எதுவும் அங்கே இருக்கிறதா என்று. கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன, விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

சுபத்ரா மிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "வெளையாட்டுக்கு" என்றாள். மிதுனா உதடுகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். "உன்னய... எந்திரிச்சு நிக்க வெச்சு..." மிதுனா மறுபடி தலையை ஆட்டினாள். "எல்லாப் புள்ளைங்களையும்... சேத்து..." வார்த்தை நின்றுவிட்டது. வேகமாகச் சொன்னபோது அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அமைதியான அறையில் வைக்கும்போது அவளாலேயே அடுத்ததை எடுத்து வைக்க முடியவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் ஏதாவது சொல்லவேண்டும். பரவால்லைங்க மேடம், பழசெல்லாம் எதுக்குங்க, நான் மூஞ்சியக் கழுவி விடறேன் படுங்க. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, பழக்கம். நான் அதை விழுங்கினேன். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் திணறுவதை, கடைசிவரைக்கும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இனித்தது. பொய் சொல்லமாட்டேன், இனித்தது.

"நான் மூஞ்சி கழுவிக்கறேன்" என்றாள் கடைசியில், தரையைப் பார்த்து.

"பின்னால கொழாய் இருக்குதுங்க" என்றேன்.

போய்த் தானே கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையால் துடைத்தாள். போனை அலமாரியிலிருந்து தானே எடுத்தாள். காதுக்குப் பின்னாலும் தாடைக்கடியிலும் சாம்பல் கோடாக மண் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை வரைக்கும் அப்படியே போனாள், பேக்கரி வாசலில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மிதுனா பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அவங்க முழுசாச் சொல்லலியேம்மா" என்றாள்.

"இல்ல சாமி. சொல்லல."

"மறுபடி வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

ஷூ லேஸ் முடிச்சு விழுந்து இறுகிக்கிடந்தது. குனிந்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். நான் கைமண்ணோடு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வந்தா," என்றாள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "உட்ட எடத்துலருந்து கேப்பேன்."